அந்த ப்ளக்கைச் சொருகிராதீங்க

(காட்சி: ஹட்டன். மேசையில் பழுப்பேறிய கமடோர் 64. யன்னலுக்கு வெளியே பனிமூட்டம்.)

இது கமடோர் 64. 1982ல வந்த வீட்டுக் கம்ப்யூட்டர். பழைய இரும்புக்காரர்கிட்ட பவர் சப்ளையோட சேத்து வாங்கினேன். கையில கெடைச்சதும் ஒருதரம் போட்டுப் பாப்போம்னுதான் மனசு சொல்லும். என் முதல் மெஷினை நான் அப்படித்தான் சாகடிச்சேன்.

(காட்சி: கறுப்புப் பெட்டி, பக்கத்தில் மல்டிமீட்டர்.)

மெஷினைக் கொல்றது இந்தக் கறுப்புப் பெட்டிதான், அதாவது பவர் சப்ளை. இதுலருந்து 9 வோல்ட் ஏசியும் 5 வோல்ட் டிசியும் போகுது. அந்த 5ஐக் காவல் காக்குற ரெகுலேட்டரை உள்ள பிசின் ஊத்திப் புதைச்சிருக்காங்க, சூடு வெளியேற வழியில்ல. வயசாகி அது கைவிட்டா வோல்டேஜ் ஏறும், மெமரி சிப் போயிரும். அதனால கம்ப்யூட்டர்ல மாட்டாம மீட்டர் வச்சுப் பாருங்க. 5.2க்கு மேல காட்டுனா பெட்டியை ஒதுக்கிருங்க. சரியா 5 காட்டுனாலும் நான் நம்புறதில்ல, சூடேறின பிறகு புத்தி மாறும். புது சப்ளையிலதான் ஓட்டுறேன். பிசினைச் சுரண்டிச் சரிபண்ணலாமேன்னு கேப்பீங்க. அந்த நேரத்துல ஒரு லயத்துக்கே வயரிங் பண்ணிரலாம்.

1981ல வந்த பிபிசி மைக்ரோங்கிற கம்ப்யூட்டர்னா வேற வில்லங்கம். சப்ளைக்குள்ள ரிஃபாங்கிற கம்பெனியோட கெப்பாசிட்டர் இருக்கும். ஓடு வெடிச்சு ஈரம் இறங்கும், 230 வோல்ட் பட்டதும் புகைஞ்சு வீடே நாறும். நம்ம ஊர் ஈரத்துக்கு, போடுறதுக்கு முன்னாடியே மாத்திருங்க. மெயின் கரண்ட் வேலை தெரியாட்டி தெரிஞ்சவர்கிட்ட குடுங்க.

பழுப்பை எடுக்க சலூன்ல முடிக்குப் பூசுற பெரொக்சைட் கிரீமும் வெயிலும் போதும். கிரீம் காய விட்டா திட்டுத்திட்டா நிக்கும், மேல பொலித்தீன் சுத்துங்க. வெயில்தான் கஷ்டம்! ஜூன், ஜூலையில இங்க சூரியனுக்கு லீவு. பிளாஸ்டிக் வேலையை ஜனவரி, பெப்ரவரிக்கு வச்சுக்கிட்டு, மழைக்காலத்துல போர்டோட உக்காருவேன்.

(காட்சி: நீலத் திரை, வெளிர்நீல எழுத்து.)

எல்லாம் சரின்னா 38911 பைட் மிச்சம்னு திரையில வரும். மெமரி 64 கிலோபைட் இருந்தும், பேசிக்ங்கிற புரோகிராம் மொழிக்குக் கெடைக்கிறது அவ்வளவுதான். எண் கொறைஞ்சா மெமரியில எங்கயோ கோளாறு. சரிபண்ணின மெஷினை விக்கும்போது இந்தத் திரையைப் படம் புடிச்சுப் போடுவேன், எதை மாத்தினேன்னு எழுதியும் குடுப்பேன்.

போன மெஷினை வாங்கினவர் பண்டாரவளையில ஒரு ரிட்டயர்ட் மாஸ்டர். பெட்டியைப் பிரிச்சுப் பாத்துட்டு போன் எடுத்தாரு.

"தம்பி, எல்லாம் நல்லாருக்கு. ஒரிஜினல் பவர் சப்ளையில வயரே இல்லையே?"

"நான்தான் வெட்டினேன் சார். பேரப்பிள்ளைங்க இருக்குன்னு சொன்னீங்கல்ல."