அப்பாவின் அஞ்சலட்டையும் மூன்று மட்டியும்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீடு மயிலாடுதுறையில். பூம்புகாருக்குப் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கடலைப் பார்த்துவிடலாம். தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் காவிரி கடலோடு சேரும் இடத்தில் தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் நெரியும். அப்பா போன மறுவருஷம் தை அமாவாசைக்கு நாங்களும் போனோம். தம்பி தலை துவட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஈர மணலில் கிடந்த மூன்று மட்டி ஓடுகளை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். ஒன்று கட்டைவிரல் நகத்தளவு. உள்பக்கம் லேசாக ஊதா ஓடியிருந்தது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும். அதில் என்றைக்கோ பொறுக்கிய கிளிஞ்சல், சோழி, அலை தேய்த்த கண்ணாடித் துண்டு, எல்லாம் தூசியோடு கிடக்கும். எந்தக் கடற்கரை, யாரோடு போனோம் என்பதே மறந்திருக்கும். அவற்றைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது எப்படி என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் டீச்சர் டிரெயினிங் படித்தபோது அப்பா வாரம் தவறாமல் அஞ்சலட்டை போடுவார். மேலே பிள்ளையார் சுழி, அடுத்த வரி "நலம், நலமறிய அவா". நீல மை. அதில் ஒன்றை எடுத்து, பக்கத்தில் அந்த மூன்று மட்டியை ஒட்டி, கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினேன். வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஐப்பசி பிறந்தது. கண்ணாடிக்கு உள்ளே பனி மூடியதுபோல் ஆனது. கார்த்திகை அடைமழையில் ஓடுகளைச் சுற்றி ஈர வளையம் கட்டியது. ஒருநாள் பார்க்கிறேன், பிள்ளையார் சுழி கரைந்து நீலத் திட்டாகப் பரவியிருக்கிறது. அப்பா கையெழுத்தை நானே அழித்துவிட்டேனே என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

காரணம் உப்பு. மழைக்காலத்தில் அடுக்களையில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டுக்குள் இருக்கும் கடல் உப்பும் அப்படித்தான் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். நான் ஓடுகளை வெயிலில் காயவைத்ததோடு நின்றுவிட்டேன். வெயிலில் தண்ணீர்தான் போகும், உப்பு போகாது.

அதனால் முதல் வேலை ஊறவைப்பது. ஒரு வாளி நல்ல தண்ணீரில் ஐந்தாறு நாள் ஊறட்டும், தினமும் தண்ணீரை மாற்றுங்கள். கடலோர ஊர்களில் போர் தண்ணீரே கரிக்கும், அது வேண்டாம். குடிதண்ணீர் அல்லது பிடித்துவைத்த மழைநீர்தான் சரி. பிறகு பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து ஒரு வாரம் நிழலில் உலர்த்துங்கள். பளபளப்பு வரட்டும் என்று எலுமிச்சம்பழமோ வினிகரோ போடவே கூடாது. கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுத்தானே சுண்ணாம்பு எடுக்கிறோம்? ஓடு முழுக்கச் சுண்ணாம்புச் சத்து. புளிப்பு பட்டால் நுரைத்து அரித்துவிடும்.

சட்டத்துக்குப் பெரிய செலவு இல்லை. காயலான் கடையில் பழைய சாமிபடச் சட்டம் கண்ணாடியோடு நாற்பது ரூபாய்க்கு வாங்கினேன். சாதாரணச் சட்டத்தில் கண்ணாடி ஓட்டின்மேல் இடிக்கும். பிரேம் கடையில் சொன்னால் கண்ணாடிக்கும் பின்பலகைக்கும் நடுவே சுற்றிலும் முக்கால் அங்குல ரீப்பர் கட்டை வைத்துப் பெட்டிபோல் ஆக்கித் தருவார்கள். பின்னால் ஹார்ட்போர்டு, அதன்மேல் வெளுத்த பருத்தித் துணி. கிழிந்துபோன கூறைநாட்டுப் புடவை இருந்தால் அதன் ஒரு சாண் போதும், எந்தக் கடையிலும் அப்படி ஒரு பின்னணி கிடைக்காது.

ஒட்டுவதற்கு இரண்டு டியூப் கலந்து பூசும் அரால்டைட் நல்லது. சட்டென்று பிடிக்கும் ஃபெவிக்விக் மூடிய பெட்டிக்குள் ஆவியாகிக் கண்ணாடியிலும் ஓட்டிலும் வெள்ளைப் புகைபோல் படியும். எதில் ஒட்டினாலும் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்த பிறகே மூடுங்கள்.

கடிதம், டிக்கெட் எல்லாம் அசலை ஒட்ட வேண்டாம். கலர் ஜெராக்ஸ் எடுத்து அதை வையுங்கள், அசல் பீரோவில் இருக்கட்டும். இப்போது பஸ்ஸில் மெஷினில் அடித்துத் தருகிற டிக்கெட் தானாகவே வெளுத்துவிடும், அதற்கு ஜெராக்ஸைத் தவிர வழியில்லை. பின்பக்க இடுக்குகளைப் பழுப்பு டேப்பால் அடைத்தால் ராமபாணப் பூச்சி நுழையாது. நம் டெல்டா வீடுகளில் சுவரில் ஓதம் ஏறும். சட்டத்தின் பின்புறம் நாலு மூலையிலும் சட்டைப் பொத்தானை ஒட்டிவிட்டால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும்.

எப்படி அடுக்குவது? தஞ்சாவூர் ஓவியத்தில் பொன்தகடும் கல்லும் இடைவெளி இல்லாமல் நிறைந்திருக்கும், அது அந்தக் கலையின் அழகு. கிளிஞ்சலுக்கு அது பொருந்தாது. ஒரு சாண் துணியில் மூன்றே ஓடு. மீதி வெறுமையாக இருக்கட்டும், அப்போதுதான் கண் அந்த ஊதா நிறத்துக்குப் போகும். கணவாய் மீனின் ஓடு கிடைத்தால் விடாதீர்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்பார்களே, அதுதான். நகத்தாலேயே கீறலாம், குழந்தைகள் அதில் மீன் செதுக்குவார்கள்.

எடுக்கக் கூடாதவையும் உண்டு. சங்குக்குள் நண்டு குடியிருந்தால் அது அதன் வீடு, திரும்ப வைத்துவிடுங்கள். பவளத் துண்டும் கடல்குதிரையும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. கோடியக்கரை சரணாலயத்தில் ஒரு கிளிஞ்சலையும் தொட வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும் காலம், இரவில் டார்ச் அடித்துக்கொண்டு பொறுக்கப் போகாதீர்கள். டேனிஷ்காரர்கள் 1620-இல் கோட்டை கட்டிய தரங்கம்பாடி மாதிரி இடத்தில் பழங்காசு கண்ணில் பட்டால் அது சுவருக்கு உரியதல்ல. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். வேளாங்கண்ணி கடைத்தெருவில் சரம்சரமாகத் தொங்கும் வார்னிஷ் பூசிய சங்கு எனக்கு வேண்டாம், அதை எடுத்த கை யாருடையது என்று எனக்குத் தெரியாதே.

அழிந்துபோன அட்டைக்குப் பதிலாக அப்பாவின் இன்னொரு அட்டையை ஜெராக்ஸ் எடுத்து, அதே மூன்று மட்டியை ஊறவைத்து மறுபடி செய்தேன். மூன்று அடைமழை தாண்டிவிட்டது, கண்ணாடி தெளிவாக இருக்கிறது. பின்பலகையில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்: "பூம்புகார், தை அமாவாசை. தம்பி தர்ப்பணம் கொடுத்தான். காற்று பலமாக இருந்தது."

நன்றி, வணக்கம்.