பயப்படுகிற நாளில்

வணக்கம் நேயர்களே. இன்றைக்குப் பயத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சரியான ஆளைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், நான் லேசில் பயப்படுகிறவன்.

'பயப்படாதே' என்ற வார்த்தை வேதத்தில் 365 முறை வருகிறது, நாளுக்கு ஒன்று என்று சிலர் சொல்வதுண்டு. எண்ணிப் பார்த்தால் அவ்வளவு வராது. வந்தாலும்தான் என்ன? ஒரு பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்த வாரத்தில், எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் 'பயப்படாதீங்க' என்றார்கள். ஒரு தடவைகூடப் பயம் அந்தச் சொல்லைக் கேட்டு எழுந்து போகவில்லை. இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தேன். இவ்வளவு பயப்படுகிறேனே, அப்படியானால் எனக்கு விசுவாசமே இல்லையோ என்று அதற்கும் சேர்த்து ஒரு பயம்.

அந்த வாரத்தில்தான் வேதத்தின் பாடல்களான சங்கீதங்களில் 56ஆவதில் ஒரு வரி கண்ணில் பட்டது. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." ஐந்தே சொற்கள். பயம் தீர்ந்த பிறகு நம்புவேன் என்று அதில் இல்லை. பயப்படுகிற அதே நாளில்.

இதை எழுதியது யார், எப்போது என்று அந்தச் சங்கீதத்தின் தலைப்பே சொல்கிறது. பெலிஸ்தர் என்கிற எதிரி ஜனங்கள் தாவீதைத் தங்கள் காத் ஊரில் பிடித்தபோது அவன் பாடியது. அந்தக் கதை 1 சாமுவேல் 21ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

சவுல் ராஜா கொல்லத் தேடுகிறான். தாவீது தப்பி ஓடி, நோப் என்கிற ஊரிலே ஆசாரியன் அகிமெலேக்கிடம் வருகிறான். ராஜா ரகசிய வேலையாக அனுப்பினார் என்று ஒரு பொய் சொல்கிறான். அப்பம் வாங்கிக்கொள்கிறான். அப்புறம், ஆயுதம் ஏதாவது உண்டா என்று கேட்கிறான். அங்கே இருந்தது ஒரே ஒரு பட்டயம், அதாவது வாள். துணியில் சுருட்டி வைத்திருந்தார்கள். கோலியாத்தின் பட்டயம். 'அதற்கு நிகரில்லை, கொடும்' என்று வாங்கிக்கொண்டு கிளம்புகிறான்.

எங்கே போகிறான் தெரியுமா? காத்துக்கு. கோலியாத்தின் சொந்த ஊருக்கு. அந்த ஊர் வீரனைக் கொன்றவன், கொல்லப்பட்டவனின் பட்டயத்தையே எடுத்துக்கொண்டு அந்த ஊர் வாசலில் போய் நிற்கிறான். ஆறு முழமும் ஒரு ஜாணும் உயரமான ஆள் வைத்திருந்த பட்டயம் அது, இடுப்பில் மறைக்கிற சாமானா? நிதானத்தில் இருக்கிற எவனும் இதைச் செய்யமாட்டான். ஆனால் பயம் அப்படித்தான் கணக்குப் போடும். பின்னால் துரத்துகிற ஒருவனை மட்டும் பார்க்கும், முன்னால் இருக்கிற ஊரைப் பார்க்காது. பயத்தில் நான் எழுதிய சில கடிதங்களையும் போட்ட சில கையெழுத்துகளையும் நினைத்தால் தாவீதின் மேல் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஆட்கள் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். உடனே அவன் பைத்தியக்காரன் வேஷம் போடுகிறான். வாசல் கதவுகளில் கீறுகிறான், தாடியில் எச்சில் வடிய விடுகிறான். எனக்குப் பைத்தியக்காரர் குறைச்சலா என்கிற மாதிரி காத்தின் ராஜா ஆகீஸ் சலித்துக்கொள்கிறான். தாவீது அங்கிருந்து தப்பிவிடுகிறான்.

கோலியாத்தைக் கல்லால் அடித்தவனும் இவன்தான், எச்சில் வடிய நின்றவனும் இவன்தான். நாம் முதல் கதையை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்.

இப்போது மறுபடி சங்கீதத்துக்கு வாருங்கள். மூன்றாம் வசனத்தில் பயப்படுகிற நாள் என்கிறான். நான்காவதில் 'நான் பயப்படேன்' என்கிறான். முடிந்தது என்று நினைத்தால், ஐந்திலும் ஆறிலும் பழையபடி எதிரிகளைப் பற்றிய புலம்பல்: என் வார்த்தைகளைப் புரட்டுகிறார்கள், பதுங்கிக் காத்திருக்கிறார்கள். பதினொன்றாம் வசனத்தில் திரும்பவும் 'நான் பயப்படேன்'. பதின்மூன்றே வசனங்களுக்குள் பயம் போய்விட்டுத் திரும்பி வருகிறது, அவனும் சொன்னதையே திரும்பச் சொல்கிறான். காலையில் ஜெபித்துவிட்டு எழுந்தபோது லேசாக இருந்த மனசு, மத்தியானத்துக்குள் பழையபடி கனத்துப்போகிறதே என்று வருந்துகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நடுவில் எட்டாம் வசனம். "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்." துருத்தி என்பது தோல் பை. பிரயாணத்தில் தண்ணீர் கொண்டுபோவார்கள். வறண்ட வழியில் ஒரு சொட்டைக்கூடச் சிந்தவிடாமல் கட்டி வைக்கிற பை. ஏன் அழுகிறாய் என்று கேட்காமல், அழுததைச் சேர்த்து வைக்கிற தேவனிடம்தான் அவன் பேசுகிறான்.

ஒன்றை மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன். தூக்கமும் சாப்பாடும் கெட்டு, நெஞ்சு படபடத்துக்கொண்டே இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அது அவிசுவாசம் ஆகாது. தீர்க்கதரிசி எலியா பயந்து ஓடி, சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் வைத்து, சாப்பிடு என்றான். அவன் சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தான். தூதன் இரண்டாந்தரமும் வந்து சாப்பிடத்தான் சொன்னான்.

தாவீதின் கதைக்கு ஒரு தொடர்ச்சி உண்டு, அது லேசானதல்ல. நோபிலே அவன் வந்துபோனதை ஒருவன் பார்த்துச் சவுலிடம் சொல்லிவிட்டான். 85 ஆசாரியர்கள் கொல்லப்பட்டார்கள். அகிமெலேக்கின் மகன் அபியத்தார் மட்டும் தப்பி தாவீதிடம் ஓடிவருகிறான். தாவீது சாக்குச் சொல்லவில்லை, இந்தச் சாவுகளுக்குக் காரணம் நான்தான் என்று ஒப்புக்கொள்கிறான். அப்புறம் அவனிடம் சொல்கிறான்: என்னிடத்தில் இரு, பயப்படவேண்டாம். உன் உயிரைத் தேடுகிறவன்தான் என் உயிரையும் தேடுகிறான்.

ஆபத்து போய்விட்டது என்று அவன் சொல்லவில்லை. வெளியே சவுல் இன்னும் தேடிக்கொண்டுதான் இருந்தான்.