ஐந்து கோடு போடாத நைட்ரஜன்

நேயர்களுக்கு வணக்கம். நைட்ரிக் அமிலத்தின் அமைப்பை வரையச் சொன்னால், நைட்ரஜனைச் சுற்றி ஐந்து கோடு, அதாவது ஐந்து பிணைப்பு, போட்டு நோட்டை நீட்டும் பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். கேட்டால், "ஆக்சிஜனேற்ற எண் பிளஸ் 5 தானே சார்" என்பார்கள். அந்த எண் சரி, கோடுகள்தான் தப்பு.

ஆக்சிஜனேற்ற எண் என்பது ஒரு கணக்கு. பங்கு போட்டிருக்கும் எலக்ட்ரான்களை, இழுக்கும் வலு அதிகமுள்ள அணுவின் பேரில் முழுசாக எழுதிவிடுகிறோம். நைட்ரிக் அமிலத்தில் மூன்று ஆக்சிஜனுக்கு மைனஸ் 6, ஹைட்ரஜனுக்கு பிளஸ் 1. கணக்கு நேராக நைட்ரஜனுக்கு பிளஸ் 5 வேண்டும், அவ்வளவுதான்.

பிணைப்பு அப்படியல்ல, அதற்கு இடம் வேண்டும். நைட்ரஜனின் வெளிக்கூட்டில் இருப்பது ஒரு எஸ், மூன்று பி, ஆக நான்கே ஆர்பிட்டால்கள், அதாவது எலக்ட்ரான்கள் தங்கும் அறைகள். ஐந்தாவது பிணைப்புக்கு அங்கே இடமில்லை. ஐந்து குளோரினைப் பிடித்த பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு உண்டு, நைட்ரஜன் பென்டாகுளோரைடு கிடையாது. நைட்ரிக் அமிலத்தில் ஒரு ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பு, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஓஎச் தொகுதியோடு ஒற்றைப் பிணைப்பு, மீதி ஆக்சிஜனுக்கு நைட்ரஜன் தன் எலக்ட்ரான் இரட்டையைக் கொடுத்து ஒரு ஈதல் பிணைப்பு. எண்ணிப் பாருங்கள், நான்கு.

இப்போது எதிர்முனைக்கு வாருங்கள். அம்மோனியா தன் தனித்த எலக்ட்ரான் இரட்டையால் ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டால் அம்மோனியம். அங்கேயும் பிணைப்பு நான்குதான், எண்ணோ மைனஸ் 3!

இந்த இரண்டும் ஒரே உப்பில் சேர்ந்தால் அம்மோனியம் நைட்ரேட். பக்குவமாகச் சூடாக்கினால் மைனஸ் 3-ம் பிளஸ் 5-ம் நடுவில் சந்தித்து, சராசரி பிளஸ் 1 உள்ள நைட்ரஸ் ஆக்சைடு வரும். மயக்க மருந்தாகப் பயன்படும் வாயு அது. கட்டுமீறினால் இரண்டும் பூஜ்யத்துக்கே, அதாவது நைட்ரஜன் வாயுவுக்கே பாயும். அந்த வாயுவில் இரண்டு நைட்ரஜனையும் சேர்த்துப் பிடிக்கும் முப்பிணைப்பு மோலுக்குச் சுமார் 945 கிலோஜூல் வலிமை கொண்டது. அது உருவாகும்போது வெளியேறும் ஆற்றல் கொஞ்சநஞ்சமல்ல. 2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனானின் பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் வெடித்தது இதே உப்புதான், சுமார் 2,750 டன். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் காட்சியை இன்றும் என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த ஒரு சோதனை. நைட்ரஜன் டை ஆக்சைடு அடைத்து மூடிய கண்ணாடிக் குழாய், செம்பழுப்பு நிறம். ஐஸ் தண்ணீரில் இறக்குங்கள். நிறம் மெல்ல வெளுத்துக்கொண்டே வரும். அந்த மூலக்கூறில் ஜோடியில்லாத எலக்ட்ரான் ஒன்று உண்டு. குளிர்ந்ததும் இரண்டிரண்டு மூலக்கூறாகச் சேர்ந்து, நைட்ரஜனுக்கும் நைட்ரஜனுக்கும் நடுவே புதுப் பிணைப்பு விழுகிறது. நிறமில்லாத டைநைட்ரஜன் டெட்ராக்சைடு அது. வெந்நீரில் வைத்தால் பழுப்பு திரும்பிவிடும்.

பிணைப்பு கண்ணெதிரே உண்டாகிறது, உடைகிறது. ஆக்சிஜனேற்ற எண் மட்டும் முன்னும் பின்னும் அதே பிளஸ் 4.

வணக்கம்.