பொட்டாசியத்தைப் பிடிக்கும் வளையம்

[திரையில்: ஊதா நிறத் திரவம் உள்ள குடுவை]

பொட்டாசியம் பெர்மாங்கனேட் தண்ணீரில் கரையும், பென்சீனில் கரையாது. ஆனால் இந்தக் குடுவையில் இருப்பது பென்சீன்தான்! கொஞ்சம் கிரவுன் ஈதர் சேர்த்ததன் விளைவு இது. வளைய வடிவ மூலக்கூறான அது பொட்டாசியம் அயனியை நடுவில் ஏந்திக்கொண்டது. வளையத்தின் வெளிப்பக்கம் பென்சீனோடு ஒத்துப்போகும், அதனால் இரண்டும் சேர்ந்து கரைந்தன. பெர்மாங்கனேட்டும் வேறு வழியில்லாமல் பின்னாலேயே வந்துவிட்டது.

இது தற்செயலாகக் கிடைத்த சரக்கு. 1960களில் டுபாண்ட் நிறுவனத்தில் சார்லஸ் பெடர்சன் வனேடியத்தைப் பிடிக்க வேறொரு மூலக்கூறைச் செய்துகொண்டிருந்தார். மூலப்பொருளில் கேட்டகால் என்ற வேறொரு வேதிப்பொருள் கலந்திருந்ததால், 0.4 சதவீதம் அளவுக்கு வெள்ளை இழைப் படிகங்கள் மிஞ்சின. மெத்தனாலில் சரியாகக் கரையாத அவை, சோடியம் ஹைட்ராக்சைடு போட்டதும் கரைந்தன. சோடியம் வளையத்தின் ஓட்டைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குப் பொறி தட்டியது.

[திரையில்: 18-கிரவுன்-6]

சரி, வேண்டிய அயனியை மட்டும் பிடிப்பது எப்படி? 18 அணு வளையம், அதில் 6 ஆக்சிஜன். குழியின் குறுக்களவு 2.6 முதல் 3.2 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). பொட்டாசியம் அயனி சுமார் 2.7. கச்சிதம்.

பாடப்புத்தகம் பெரும்பாலும் இங்கே நின்றுவிடும். ஆனால் சோடியத்துக்கு ஏற்றதென்று சொல்லப்படும் 15-கிரவுன்-5கூட, மெத்தனாலில் பொட்டாசியத்தைத்தான் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கிறது! அயனி தனியாக வருவதில்லை, கரைப்பானைப் போர்த்திக்கொண்டு வருகிறது. சின்ன சோடியம் அந்தப் போர்வையை லேசில் விடாது.

வளையமும் தொளதொளவென்றுதான் இருக்கிறது. காலியாக இருக்கும்போது குழியே சரியாக இருக்காது. அயனி வந்தபின் ஆக்சிஜன்களை உள்பக்கம் திருப்பி நிறுத்த வேண்டும், அதற்கு ஆற்றல் செலவு. வேதியியலாளர் டொனால்ட் கிராம் அந்தச் செலவை மூலக்கூறு தயாரிக்கும்போதே கட்டிவிட்டார். பென்சீன் வளையங்களை நேரடியாகப் பிணைத்து, குழி எப்போதும் திறந்தே இருக்கும் ஸ்பெராண்டைச் செய்தார். அது லித்தியத்தையும் சோடியத்தையும் உடும்புப்பிடியாகப் பிடிக்கும். பொட்டாசியத்துக்கு அங்கே இடமில்லை. ழான்-மரி லென் வேறு வழியில் போனார்: வளையத்துக்கு மேல் இன்னொரு பாலம் போட்டுக் கூண்டாக்கினார், அது கிரிப்டாண்ட். 1987 நோபல் பரிசு மூவருக்கும் போனது.

அப்புறம், உடும்புப்பிடி எல்லா இடத்துக்கும் ஆகாது. அமெரிக்காவின் சவன்னா ரிவர் அணுக்கழிவில் சோடியம் ஏராளம், சீசியம் துளிதான். அங்கே பயன்படும் காலிக்ஸ்அரீன்-கிரவுன் (கிண்ண வடிவ மூலக்கூறோடு கிரவுன் வளையத்தைச் சேர்த்தது) சீசியத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும், மிக நீர்த்த அமிலத்தில் கழுவினால் விட்டுவிடவும் வேண்டும்.