வேட்பாளரும் வெள்ளைத் துணியும்

வணக்கம் நேயர்களே. இன்றைக்கு ஒரே ஒரு லத்தீன் பெயரடையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்: கந்திதுஸ். வேட்பாளரைக் கேண்டிடேட் என்கிறோமே, அந்தச் சொல் இதிலிருந்துதான் கிளைத்தது.

லத்தீனில் வெள்ளைக்கு இரண்டு சொற்கள் உண்டு. அல்புஸ் என்றால் மினுக்கில்லாத வெறும் வெள்ளை. கந்திதுஸ் அப்படியில்லை, வெயில் பட்ட பனிபோலக் கண் கூசும் வெள்ளை. ஒளிர்தலைக் குறிக்கும் கந்தேரே என்ற வினையிலிருந்து வந்தது. நாம் தினமும் சொல்லும் சந்திரன் என்ற வடசொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்றுதான்; நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி தரும் உறவு இது.

பழைய ரோமில் பதவிக்கு நிற்பவர், தோகா என்ற தன் கம்பளி மேலாடையில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துப் பளீரென்று வெளுக்கவைத்து, அதைப் போர்த்திக்கொண்டு சந்தைவெளியில் ஒவ்வொருவர் கையையும் பிடித்து ஓட்டுக் கேட்பார். அந்த ஆடை தோகா கந்திதா, அதை உடுத்தியவர் கந்திதாதுஸ். கி.மு. 432-இல் இப்படி வெளுப்பதைத் தடுக்கச் சட்டமே வந்தது என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். ஆனாலும் வழக்கம் நிற்கவில்லை, கி.மு. 64-இல் தேர்தலில் நின்ற ரோமப் பேச்சாளர் சிசரோ பேசிய ஓர் உரைக்கு இந்த ஆடையின் பெயரே நிலைத்துவிட்டது.

கள்ளமில்லாதவர் என்ற பொருளும் கந்திதுஸுக்கு உண்டு. நாம் வெள்ளை மனசு என்கிறோமே, அதேதான்.

சரி, இலக்கணத்துக்கு வருவோம். தமிழில் நல்ல மகன், நல்ல மகள், நல்ல வீடு, எதிலும் ‘நல்ல’ மாறாது. லத்தீனில் ஆண்பாலுக்குக் கந்திதுஸ், பெண்பாலுக்குக் கந்திதா, இரண்டிலும் சேராத பொதுப்பாலுக்குக் கந்திதும். புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. கவிஞனைக் குறிக்கும் போயேதா ‘ஆ’ என்று முடிந்தாலும் ஆண்பால், ஆகவே போயேதா கந்திதுஸ் என்றுதான் வரும். பெயரின் ஈற்றைப் பார்க்காதீர்கள், பாலைப் பாருங்கள்.

அப்புறம், பெயரடை பெயரை ஒட்டியே நிற்க வேண்டுமென்பதும் இல்லை. ரோமுக்கு வடக்கே சொராக்தே என்றொரு மலை. பனி மூடிய அந்த மலையைப் பாடும் ரோமக் கவிஞர் ஹொராஸ், ஓர் அடியின் கடைசியில் ‘கந்திதும்’ என்று நிறுத்திவிடுகிறார். எது வெள்ளை என்று நமக்கு இன்னும் தெரியாது. பொதுப்பால் என்பது மட்டும் அந்த ஈற்றில் தெரிந்துவிடுகிறது. அடுத்த அடியின் முதல் சொல்லாக மலை வருகிறது: சொராக்தே.