ஆன்லைன் மீட்டிங்கில் ஏன் யோசனையே வருவதில்லை?

வணக்கம். பின்னால் கேட்கும் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எதிர்வீட்டில் தளம் போடுகிறார்கள், கலவை இயந்திரம் மதியம் வரை ஓடும். பாளையங்கோட்டையில் மாடி அறையில் உட்கார்ந்து சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வேலை பார்ப்பவளுக்கு இதெல்லாம் சம்பளத்தோடு சேர்ந்து வருவது.

இன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயம் இது. மீட்டிங்கில் எல்லோரும் வந்துவிட்டார்கள். இணையம் சீராக இருக்கிறது. "புதிதாக ஏதாவது சொல்லுங்கள்" என்கிறார் மேலாளர். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பத்து முகங்களும் பத்துக் கட்டங்களுக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன, இணைப்பு அறுந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு. மீட்டிங் முடிந்து காபி போடப் போனால், பால் பொங்குவதற்குள் இரண்டு யோசனைகள் வந்து நிற்கின்றன. அது என்ன கணக்கு?

சோம்பல் என்பார்கள், ஈடுபாடு போதவில்லை என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் கட்சி இதுதான்: வீடியோ மீட்டிங், இருக்கிற யோசனைகளில் எது தேறும் என்று பொறுக்கி எடுப்பதற்கான இடம். யோசனைகள் பிறக்க வேண்டியது வேறு இடத்தில். இரண்டு வேலையையும் ஒரே மணி நேரத்துக்குள் திணிக்கிறோம், இரண்டும் கெடுகின்றன.

இதை நானாகச் சொல்லவில்லை. மெலனி பிரக்ஸ், ஜொனாதன் லெவாவ் என்ற இரு ஆய்வாளர்கள் 2022-இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 602 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். சில ஜோடிகள் நேருக்கு நேர் ஒரே அறையில், மற்ற ஜோடிகள் தனித்தனி அறைகளில் வீடியோ வழியாக. ஒரு பொருளைக் கொடுத்து, அதை வழக்கத்துக்கு மாறாக எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று ஐந்து நிமிடம் யோசிக்கச் சொன்னார்கள். சிலருக்குக் கிடைத்தது ஃபிரிஸ்பீ என்ற பறக்கும் தட்டு. மற்றவர்களுக்குக் கண்ணாடிச் சாமான்களைச் சுற்றி அனுப்பும் குமிழ் உறை; வீட்டுக்கு வந்ததும் சின்னப் பிள்ளைகள் ஒவ்வொரு குமிழாக உடைப்பார்களே, அதுதான். (நானும் உடைப்பேன்.) வீடியோவில் இருந்த ஜோடிகளிடமிருந்து யோசனைகள் குறைவாகவே வந்தன. ஆனால் வந்தவற்றில் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அவர்கள் சளைக்கவில்லை. பிறகு, ஒரு பன்னாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 1,500 பொறியாளர்களிடம், அவர்களுடைய சொந்தத் துறையைப் பற்றிய யோசனைகளைக் கேட்டே சோதித்துப் பார்த்தார்கள். யோசனை பிறப்பதில் அங்கும் அதே குறைவுதான்.

காரணம்தான் சுவையானது. அந்த ஆய்வு அறைகளில் வேண்டுமென்றே சில பொருள்களை வைத்திருந்தார்கள். அலமாரி, கோப்புகள் போன்ற சாதாரணப் பொருள்கள் பாதி. மீதி, அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லாதவை: ஓர் எலும்புக்கூட்டுப் படம், ஒரு பாத்திரம் நிறைய எலுமிச்சை, பெரிய தொட்டிச் செடி. முடிந்த பிறகு, அறையில் என்னென்ன இருந்தன என்று கேட்டால், வீடியோவில் பேசியவர்களுக்கு அந்த விசித்திரப் பொருள்கள் அவ்வளவாக நினைவில் இல்லை. அவர்களுடைய கண் திரையை விட்டு நகரவில்லை. நேரில் பேசியவர்களின் பார்வை அறை முழுக்க அலைந்தது. கண் அலைந்தவர்களுக்கே யோசனையும் கூடுதலாக வந்தது.

இப்போது நாமே ஒரு விளையாட்டு விளையாடுவோம். ஆய்வு ஒன்றும் இல்லை, விளையாட்டுதான். என் முகத்தையே பாருங்கள். தேங்காய்ச் சிரட்டையை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்? யோசியுங்கள். நான் பேசாமல் இருக்கிறேன்.

சரி. அகப்பை, அடுப்புக்கு விறகு, பிள்ளைகள் மண் அள்ளி விளையாட. அநேகமாக எல்லோருக்கும் இந்த மூன்று வந்திருக்கும். இனிமேல் என்னைப் பார்க்க வேண்டாம். தலையைத் திருப்பி அறையைச் சுற்றிப் பாருங்கள். ஜன்னலைப் பாருங்கள். நானும் பார்க்கிறேன்.

எனக்கு என்ன வந்தது என்று சொல்கிறேன். கொடியில் சட்டை காய்கிறது. சிரட்டையில் பொத்தான் செய்யலாம், செய்கிறார்கள். மதில் மேல் அணில் ஓடியது. கோடையில் தண்ணீர் வைக்கலாம். கதவோரம் ரப்பர் செருப்பு கிடக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் பால் வடிய மரத்தில் சிரட்டையைத்தானே கட்டியிருப்பார்கள்? மேசை மேல் இயர்போன் இருக்கிறது. கடற்கரையில் விற்கும் கொட்டாங்குச்சி வயலின் ஞாபகம் வந்தது. செருப்பும் அணிலும் இல்லையென்றால் நான் அகப்பையோடு நின்றிருப்பேன்.

அதனால், யோசனை வேண்டிய மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டுக் கண்ணைத் திரையிலிருந்து எடுங்கள். முடிந்தால் எழுந்து நடங்கள். நடப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் மரிலி ஒப்பெஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருப்பவர்களைவிட நடப்பவர்களுக்குப் புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் அதிகம் வந்தன. வெளியே மரம் செடி பார்த்துக்கொண்டு நடந்தவர்களுக்கு மட்டும் இல்லை. அறைக்குள் வெறும் சுவரைப் பார்த்தபடி நடைப்பயிற்சி இயந்திரத்தில் நடந்தவர்களுக்கும்கூட. ஆனால் ஒரே ஒரு சரியான விடை கண்டுபிடிக்க வேண்டிய கேள்விகளுக்கு நடை உதவவில்லை. மறுபடியும் அதே பிரிவினை வருகிறது பாருங்கள். யோசனைகளைப் பெருக்குவதற்கு நடை, தேறாதவற்றைக் கழிப்பதற்கு நாற்காலி. எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடந்துகொண்டே யோசித்துவிட்டு, கீழே இறங்கி வந்து மீட்டிங்கில் சேருவது என் வழக்கம். மே மாதத்தில் காலை எட்டு மணிக்கு மேல் அந்த வழக்கம் செல்லாது, கால் வெந்துவிடும்.

அடுத்தது, பேச்சு முறை. நேரில் பேசும்போது ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்க எடுக்கும் இடைவெளி மிகச் சிறியது. பத்து மொழிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2009-இல் வந்தது. ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் சராசரி. இணையத்தில் குரல் போய்ச் சேரவே அந்த அளவு தாமதம் ஆகிவிடுவது உண்டு. விளைவு உங்களுக்கே தெரியும். இரண்டு பேர் ஒன்றாகத் தொடங்குவார்கள், "நீங்கள் சொல்லுங்கள் சார்", "இல்லை மேடம், நீங்களே சொல்லுங்கள்" என்று உபசாரம் நடக்கும். பிறகு யாருக்குக் குரல் பெரிதோ அவர் பேசுவார். கூச்சப்படுகிறவர் வாயைத் திறக்கவே மாட்டார்.

நேரில் கூடினாலும் இந்தச் சிக்கல் கொஞ்சம் உண்டு என்பதை 1987-லேயே டீல், ஸ்ட்ரோப என்ற இருவர் காட்டினார்கள். கூடிப் பேசும் குழுவைவிட, தனித்தனியாக யோசித்துப் பிறகு சேர்த்த அதே எண்ணிக்கை ஆட்களிடம் அதிக யோசனைகள் இருந்தன. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது நினைத்தது மறந்துபோகும். இதற்கு மருந்தும் பழையதுதான். ஜெர்மனியில் 1960-களின் கடைசியில் பெர்ண்ட் ரோர்பாக் ஒரு முறையைச் சொன்னார். ஆறு பேர், ஆளுக்கொரு தாள், ஐந்து நிமிடத்தில் மூன்று யோசனை எழுதிப் பக்கத்து ஆளிடம் தாளைக் கொடுக்க வேண்டும். அவர் அதைப் படித்து அதன் கீழே இன்னும் மூன்று எழுதுவார். ஆறு சுற்று முடிந்தால் அரை மணி நேரத்தில் 108 யோசனைகள். பாதி குப்பையாக இருக்கட்டுமே.

இந்த ஒரு விஷயத்தில் இணையம் நேரைவிட மேல் என்பேன். எல்லோரும் ஒரே கோப்பைத் திறந்துகொண்டு ஒரே நேரத்தில் எழுதலாம். ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, எழுத்துக்குப் பெரிய குரலும் சின்னக் குரலும் இல்லை. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், மீட்டிங்கில் "ஆமாம் மேடம்" தவிர எதுவும் சொன்னதில்லை. எழுதச் சொன்ன அன்று கோப்பில் பாதி அவர் எழுதியதுதான்.

கேமராவுக்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபம் உண்டு. நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், கேமரா அணைந்திருந்தால் வேலையில் ஈடுபாடு இல்லை என்று பொருள். மீட்டிங் நடுவிலேயே பெயர் சொல்லிக் கேட்பார்கள். 2021-இல் கிறிஸ்டன் ஷாக்லி குழுவினர் 103 ஊழியர்களை நான்கு வாரம் கவனித்தார்கள். கேமரா போட்ட நாள்களில் களைப்பு அதிகம். களைத்தவர்கள் மீட்டிங்கில் பேசுவதும் ஒன்றுவதும் குறைவு. பெண்களுக்கும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் அந்தக் களைப்பு இன்னும் கூடுதல். ஈடுபாட்டைப் பார்க்க வேண்டும் என்று கேமராவைப் போடச் சொல்லி, அந்த ஈடுபாட்டையே கரைக்கிறார்கள். வணக்கம் சொல்லும்போதும் முடிவெடுக்கும்போதும் முகம் தெரியட்டும். நடுவில் எதற்கு? போட்டே ஆக வேண்டுமென்றால், உங்கள் முகம் உங்களுக்கே தெரியாதபடி மறைக்கும் வசதி பெரும்பாலான செயலிகளில் இருக்கிறது, அதையாவது செய்யுங்கள். நாள் முழுக்கக் கண்ணாடி முன் உட்கார்ந்து வேலை பார்க்க யாரால் முடியும்?

கேட்பது மட்டுமே உங்கள் வேலை என்றால், கைக்கு ஒரு வேலை கொடுங்கள். ஜாக்கி ஆண்ட்ரேட் என்ற உளவியலாளர் 2009-இல் 40 பேருக்குச் சலிப்பூட்டும் ஒரு தொலைபேசிச் செய்தியைப் போட்டுக் காட்டினார். கேட்டுக்கொண்டே தாளில் கட்டங்களுக்குப் பென்சிலால் தீட்டியவர்கள் 29 சதவீதம் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். நான் கீரை ஆய்வேன். அம்மாவுக்கும் சந்தோஷம், எனக்கும் தூக்கம் வராது. கீரை ஆய்வதைப் பற்றி ஆய்வு எதையும் நான் காட்ட முடியாது. என் அனுபவத்தைச் சொல்கிறேன், அவ்வளவுதான். ஆனால் கேட்டுக்கொண்டே மின்னஞ்சல் படிக்காதீர்கள். இரண்டும் சொற்கள், இரண்டும் மோதும்.

கவனச் சிதறலைப் பற்றி நீட்ட மாட்டேன். ஒரு திரையில் மனம் தங்கும் நேரத்தைப் பல ஆண்டுகளாக அளந்தவர் குளோரியா மார்க். 2004-இல் சராசரி இரண்டரை நிமிடம். அண்மை ஆண்டுகளில் 47 நொடி. நம் வீடுகளில் இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு: "வீட்டில்தானே இருக்கிறாய், கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வை." இதை எந்தச் செயலியாலும் அணைக்க முடியாது. நான் செய்வது, அன்றைய மீட்டிங் நேரங்களைச் சமையலறைக் காலண்டரில் காலையிலேயே எழுதிவிடுவது. அம்மா அதைப் பார்த்துத்தான் குக்கர் வைக்கிறார்.

இதெல்லாம் சரி, மீட்டிங்கை நடத்துவது நான் இல்லையே என்பீர்கள். நியாயம். மேலதிகாரியிடம் போய் ஆய்வுக் கட்டுரையை நீட்டினால் எடுபடாது. ஒன்று மட்டும் செய்து பாருங்கள். முந்தைய நாளே, "நாளைக்கு எதைப் பற்றிப் பேசப் போகிறோம், ஒரு வரியில் சொன்னால் யோசித்து வருகிறேன்" என்று செய்தி அனுப்புங்கள். அக்கறையான ஆள் என்றுதான் நினைப்பார்கள். கேள்வி கைக்கு வந்துவிட்டதா? மாடிக்குப் போங்கள், தெருமுனை வரை நடந்து பால் வாங்கி வாருங்கள், தோன்றியதை ஒரு துண்டுத் தாளில் குறித்து வையுங்கள். மீட்டிங்கில் எல்லோரும் உறைந்து உட்கார்ந்திருக்கும்போது, நீங்கள் தாளைப் பார்த்து வாசித்தால் போதும்.

அடுத்த காணொளியில் ஒரு கோப்பை நேரடியாகத் திறந்து, தாள் சுற்றும் அந்த முறையை மூன்று நண்பர்களோடு செய்து காட்டுகிறேன். இப்போது எதிர்வீட்டுக்காரர்கள் தேநீருக்கு இயந்திரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். இந்த அமைதி பத்து நிமிடம்தான் இருக்கும். அதற்குள் எனக்கு ஒரு குரல்பதிவு முடிக்க வேண்டும். வருகிறேன்.