முடிந்துபோன கல்யாணத்துக்கும் காகிதம் வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருஷத்துக்குக் கிட்ட நீதிமன்றத்தில் நகல் பிரிவில் வேலை பார்த்தவள் நான். ஓய்வு பெற்றபின் தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். அமெரிக்காவில் இருக்கிற கணவரிடமோ மனைவியிடமோ போய்ச் சேர, குடியேற்ற விசாவுக்கு எழுதுகிறவர்கள் என்னிடம் நிறைய வருவார்கள். அவர்களில் மறுமணம் செய்துகொண்டவர்கள் உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று கேட்பார்கள். "அம்மா, மொதக் கல்யாணத்தைப் பத்திச் சொல்லித்தான் ஆகணுமா?"

சொல்லித்தான் ஆகவேண்டும். அமெரிக்காவில் இருக்கிற துணை உங்களை அழைத்துக்கொள்ளப் போடுகிற ஐ-130 மனுவில், கணவன் மனைவி இருவருடைய முந்தைய கல்யாணங்களையும் கேட்கிறார்கள். யாரோடு நடந்தது, எந்தத் தேதியில் முடிந்தது என்று. பிறகு நீங்கள் நிரப்புகிற டிஎஸ்-260 விசா விண்ணப்பப் படிவத்திலும் அதே கேள்வி. மும்பைத் துணைத் தூதரகத்துக்கோ வேறெங்கோ நேர்காணலுக்குப் போனால் அங்கேயும் கேட்கலாம். எங்கே கேட்டாலும் பதில் ஒன்றாக இருக்கவேண்டும். மறைத்தது தெரியவந்தால், ஆயுசுக்கும் விசா கிடைக்காமல் போகக்கூடும்.

கல்யாணம் எந்த ஊரில் நடந்ததோ, அந்த ஊர்ச் சட்டப்படி அது செல்லுமா என்றுதான் அவர்கள் முதலில் பார்க்கிறார்கள். நம்முடைய 1955-ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டம் என்ன சொல்கிறது? முதல் துணை உயிரோடிருந்து, அந்தக் கல்யாணமும் சட்டப்படி முடியாமலிருந்தால், அடுத்த கல்யாணம் செல்லாது. எத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்திருந்தாலும் செல்லாது.

கொங்குப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பத்தொன்பது வயதில் கல்யாணம், எட்டே மாதத்தில் பிரிவு. ஊர்ப் பெரியவர்கள் கோயில் மண்டபத்தில் கூடி "அத்துவிட்டாச்சு" என்று முடித்துவிட்டார்கள். நகையும் பாத்திரமும் திரும்பி வந்தன. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ஒரு விடுதலைப் பத்திரம். "இன்று முதல் நமக்குள் கணவன் மனைவி என்ற பாத்தியதை இல்லை, அவரவர் இஷ்டப்படி மறுமணம் செய்துகொள்ள ஆட்சேபணை இல்லை" என்று எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரையும் குத்தியிருந்தது. மடிப்பில் கிழிந்த அந்தத் தாளை ஒரு மஞ்சள் பைக்குள் வைத்து அந்தப் பெண் பதினோரு வருஷம் காப்பாற்றியிருந்தாள்.

நியூ ஜெர்சியில் வேலை பார்க்கும் ஒருவரோடு இரண்டாவது கல்யாணம் ஆயிற்று. பதிவும் செய்தார்கள். ஆனால் பதிவுப் படிவத்தில் மணமகளின் நிலை என்ற இடத்தில் 'திருமணமாகாதவர்' என்று யாரோ எழுதிக்கொடுக்க, அவளும் கையெழுத்துப் போட்டுவிட்டாள். விசா மனுவிலோ கணவர் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறார். முதல் திருமணம் முடிந்ததற்கு ஆதாரம் அனுப்புங்கள் என்று அங்கிருந்து கடிதம் வந்தது. அப்போதுதான் அந்த மஞ்சள் பை என் மேஜைக்கு வந்தது.

வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தேன். மொழிபெயர்த்துவிட்டு, "கண்ணு, இது தீர்ப்பு இல்லை" என்று சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "ஊரே கூடிச் சொன்னதும்மா, அது பொய்யா?" பொய் இல்லை. வழக்கப்படி நடக்கிற விவாகரத்தைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு ஒதுக்கிவிடவில்லை. ஆனால் அந்தச் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது என்று நிரூபிக்கவேண்டும். நிரூபிக்கிற இடம் நீதிமன்றம். முத்திரைத்தாளும் நோட்டரியும் மட்டும் அதைச் செய்துவிடாது.

கடைசியில் முன்னாள் கணவரே வந்தார். அவரும் மறுமணம் செய்து இரண்டு குழந்தைகளோடு இருந்தார். அவருடைய கல்யாணத்துக்கும் இதே சிக்கல் உண்டென்று வக்கீல் எடுத்துச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். அதே சட்டத்தின் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத விவாகரத்து. ஆறு மாதக் காத்திருப்பைத் தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால் அதுவும் சீக்கிரம் முடிந்தது. ஆனால் பாருங்கள், தீர்ப்புத் தேதி இரண்டாவது கல்யாணத் தேதிக்குப் பின்னால் விழுகிறது. அதனால் அதே கணவரை அவள் மறுபடி கல்யாணம் செய்து, மறுபடி பதிவு செய்து, புது மனு போட்டார்கள். இந்த முறை படிவத்தில் 'விவாகரத்தானவர்' என்று அவளே தன் கையால் எழுதினாள். மூன்று வருஷம் போய்விட்டது.

ஆகவே தேதி வரிசையைப் பாருங்கள். முதல் கல்யாணம் முடிந்த தேதி முன்னால், அடுத்த கல்யாணம் பின்னால். மேல்முறையீட்டுக் காலம் கடந்துவிட்டதா என்றும் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு வந்த வாரத்திலேயே நகல் மனு போட்டுவிடுங்கள். தீர்ப்பு, தீர்ப்பாணை இரண்டுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள், இரண்டு மூன்று பிரதியாகவே வாங்குங்கள். சான்றிட்ட நகலில் ஒரு முத்திரை இருக்கும்: மனு கொடுத்த தேதி, கட்டணம் கேட்ட தேதி, நகல் தயாரான தேதி, கொடுத்த தேதி. அந்த முத்திரை இல்லாத ஜெராக்ஸ் வெறும் ஜெராக்ஸ்தான். வருஷம் கழித்து வருகிறவர்களுக்கு வழக்கு எண் தெரியாது. நாங்கள் பதிவேட்டில் பேரை வைத்துத் தேடுவோம். எச்.எம்.ஓ.பி. எண் என்கிற இந்து திருமண வழக்கு எண்ணையும் வருஷத்தையும் எங்காவது குறித்து வையுங்கள்.

அடுத்து இனிஷியல். இதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் வீட்டில் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள், ஆனாலும் சொல்லவேண்டும். தீர்ப்பாணையில் 'க. மல்லிகா'. பாஸ்போர்ட்டில் மல்லிகா கருப்பையா. பழைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் கணவர் என்று முதல் கணவரின் பெயர். மூன்று இடத்திலும் இருப்பது ஒரே பெண்தான் என்று நமக்குத் தெரியும், அயல்நாட்டு அதிகாரிக்கு எப்படித் தெரியும்? ஒரே நபர்தான் என்று பிரமாணப் பத்திரம் வையுங்கள். பாஸ்போர்ட்டைத் திருத்தி வாங்குங்கள். மொழிபெயர்க்கிறவரிடம் மட்டும் "நீங்களே பேரைச் சரிபண்ணிப் போட்டுடுங்க" என்று கேட்காதீர்கள். மூலத்தில் இருப்பதுதான் மொழிபெயர்ப்பில் இருக்கவேண்டும். முழுமையானது, பிழையற்றது, எனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்று அடியில் நான் கையெழுத்துப் போடுகிறேன். தீர்ப்பாணையிலேயே எழுத்துப்பிழை இருந்தால், அதே நீதிமன்றத்தில் திருத்த மனு போட வழி உண்டு.

துணையை இழந்தவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் போதும். அதில் வீட்டுப் பேர் ஏறியிருக்கிறதா, பள்ளிக்கூடப் பேர் ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கிறிஸ்தவ நேயர்களுக்கு ஒரு வார்த்தை: திருச்சபை கொடுக்கிற ரத்து ஆணை சட்டப்படி திருமணத்தை முடிக்காது. 1996-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். குழந்தைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முதல் கல்யாணத்துப் பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகுமுன் உங்கள் மறுமணம் நடந்திருந்தால்தான், புதுக் கணவர் அந்தப் பிள்ளைக்காக மனுப் போட முடியும். அவர் அமெரிக்கக் குடிமகன் என்றால் பிள்ளைக்குத் தனி மனு. பிள்ளை யாரிடம் இருக்கவேண்டும் என்ற உத்தரவு தீர்ப்பாணையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நாளைக்கே வக்கீலைப் பாருங்கள். நன்றி, வணக்கம்.